பச்சை நட்சத்திரம்

ஐப்பசி மழை விட்டு வானம் முதன்முதலாகத் துலங்கும் நாளில் சித்ராதேவிக்கு வேலை ஓடாது. லைன் வீட்டில் மற்றவர்கள் ஈரத் துணிகளைக் கொடியில் போடுவார்கள். அவள் பொழுது சாயக் காத்திருப்பாள். இருட்டியதும் மொட்டை மாடிக்கு ஏறிப்போய்க் கிழக்கே பார்ப்பாள். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், அவர்கள் ஊர்ப் பேச்சில் ஆறாமீன், மேலே வந்திருக்கும், கிள்ளிப் போட்ட கோலப்பொடி போல. எண்ணுவாள். ஆறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணுவாள். ஆறுதான். பிறகு மூச்சு சீராகும். அந்த வருஷத்துக்கு அது போதும்.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

குருசாமி கழுகுமலைக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் பருத்தியும் உளுந்தும் போட்டவர். ஊரில் அவருக்கு முன்னால் எந்த ஆணும் காட்டிலிருந்து திரும்பியதில்லை. வெயில் மஞ்சளாக ஆரம்பித்ததும் மாட்டை அவிழ்த்துவிடுவார். "குருசாமிக்குப் பொண்டாட்டிய விட்டு இருக்க முடியாது" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். இருட்டினால் அவருக்குக் கண் தெரியாது. அது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. கார்த்திகை மாதத்தில் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மகளைக் கேட்பார்.

"ஆறாமீன் வந்துட்டா ஏட்டி? எத்தனை தெரியுது?"

"ஆறு."

"நல்லா எண்ணிச் சொல்லு."

"ஆறுதாம்ப்பா."

அவர் பீடியைப் பற்றவைப்பார். நெருப்புக்குச்சி பீடியின் நுனியைத் தேடிக்கொண்டு போகும்.

அவர் வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அதற்குள் பகலிலும் அவர் தடுமாற ஆரம்பித்திருந்தார். நேராக இருப்பது தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது. மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, பிறவியிலேயே உள்ளது, மருந்து கிடையாது என்றார். சொந்தத்துக்குள் கட்டுகிற குடும்பமா என்று கேட்டார். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள் என்றார். யாரும் போகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"எனக்கும் உன் வயசுல ஆறு தெரிஞ்சது. அப்புறம் நாலு. அப்புறம் சும்மா ஒரு புகை."

சித்ராதேவி திருப்பூருக்கு வந்தது அப்பா இறந்த பிறகு. அத்தை மகன் மாரிச்செல்வம் அங்கே பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தான். அவனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். சொந்தத்துக்குள்தான். டாக்டர் கேட்ட கேள்வி கல்யாணத்தன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. மேளச் சத்தத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்பு, மேளச் சத்தம் இல்லாதபோதும் சொல்லவில்லை.

அவளுக்குக் கம்பெனியில் கிடைத்தது துணி செக்கிங். வேலை இதுதான்: அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை எது வந்தாலும் மிஷினை நிறுத்திச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கறுப்புத் துணி ஓடும்போது குண்டூசி முனை அளவு ஓட்டைகூடப் பளிச்சென்று தெரியும். "சித்ராக்கா பாத்த ரோல்னா மறுபடி பாக்க வேண்டியதில்லீங்க" என்பான் சதீஷ்குமார். அவன்தான் குவாலிட்டி பார்க்கிறவன். அவள் சிரித்துக்கொள்வாள். கண் நன்றாக இருக்கிறது என்று அடுத்தவர் வாயால் கேட்பதைவிட அவளுக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று ஒருவழியாக அவள் நம்பத் தொடங்கிய வருஷத்தில் சுபிக்ஷா பிறந்தாள். பயம் இடம் மாறியது.

பிள்ளைக்கு நடை வந்ததிலிருந்து அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். பேச்சு வந்ததும் மாடிக்குக் கூட்டிப்போனாள். வீடு அவினாசியிலிருந்து சேவூர் போகிற வழியில், சோளக்காட்டை ஒட்டி இருந்தது. தென்கிழக்கே மட்டும் திருப்பூரின் வெளிச்சம் பழுத்துக் கிடக்கும். மற்ற பக்கமெல்லாம் நல்ல இருட்டு. சித்ராதேவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். அதோ, அது ஆறாமீன். எண்ணு, ஆறு இருக்கும். அதுக்குக் கீழே செவப்பா ஒத்தையா நிக்குது பாரு, அது ரோகிணி. இன்னும் செத்த நேரத்துல அதுக்கும் கீழே மூணு வரும், வரிசையா, ஒரே அளவுல. தாத்தா அதை ஏர்க்கால்னு சொல்வாரு.

"எத்தனை தெரியுது?"

"ஆறு" என்றாள் பிள்ளை.

சித்ராதேவி அவளை முத்தமிட்டாள்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் டீச்சர் வானத்தில் இந்த மாதம் என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டபோது, வகுப்பிலேயே சுபிக்ஷா ஒருத்திதான் எழுந்து நின்றாள். ஆறாமீன், ரோகிணி, ஏர்க்கால் என்று வரிசையாகச் சொன்னாள். டீச்சர் ஒரு பென்சில் டப்பா கொடுத்தார். சித்ராதேவி அந்த டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. போனால்தான் அவர்கள் ஏதாவது சொல்வார்கள்.

இந்த வருஷம் ஐப்பசி முடியும் தறுவாயில், காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் அவளைக் கூப்பிட்டாள்.

"ஏங் கண்ணு, உம்பட புள்ளைக்கு எருமைன்னா அம்புட்டுப் பிரியமா?"

"ஏங்கம்மா?"

"நேத்துப் பொழுது எறங்குனதுக்கப்புறம் பால் வாங்க வந்துச்சு. நேரா வந்து எருமை மேலயே முட்டிக்கிச்சு. எருமையே பயந்துபோச்சு போ. நான் கேட்டா, 'கட்டிப்புடிச்சு வெளையாண்டேனுங்க ஆத்தா'ங்குது. அந்த எருமைய அதும்பட கன்னுக்குட்டியே கட்டிப்புடிக்காது."

குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சித்ராதேவியும் சிரித்தாள். குடம் நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. சாயங்காலம் விளையாடப் போன பிள்ளை, தெருவிளக்கு எரிவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். 'பொறுப்பான புள்ள' என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். கரண்ட் போனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. கடைக்குப் போகும்போது அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அப்பாவின் மஞ்சள் வெயில் நினைவுக்கு வந்தது.

மாரிச்செல்வத்திடம் சொன்னாள்.

"கிறுக்கு புடிச்சுட்டா ஒனக்கு?" என்றான் அவன். "ஆகாசத்துல இருக்க மீனெல்லாம் எண்ணுதா. எதுத்தாப்ல நிக்க எருமை தெரியாதாக்கும்?"

"அதான் மச்சான் எனக்கும் புரியல."

"புரியாட்டா தூங்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறு தெரிகிறதே. அவள் அந்த ஆறைப் பிடித்துக்கொண்டு சில நாட்களை ஓட்டினாள்.

கம்பெனியில் புதிதாக விஜயராணி என்று ஒருத்தி செக்கிங்குக்கு வந்திருந்தாள். விருதுநகர்ப் பக்கம். வேலை பறிபோய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டே இருப்பவள். சதீஷ்குமார் அவளிடம் ஒரு ரோலைக் கொண்டுவந்து வைத்தான்.

"இந்த ரோல்ல கரையோரமா மூணு ஓட்டை இருக்குதுங்க்கா. நிட்டிங்லயே சொல்லிப்போட்டாங்க. பாத்து மார்க் பண்ணிருங்க."

விஜயராணி துணியை ஓட்டினாள். முடித்து, மூன்று அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். சதீஷ்குமார் ஸ்டிக்கர் இருந்த இடத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"எங்கீங்க்கா ஓட்டை?"

துணி முழுசாக இருந்தது. மற்ற மிஷின்காரிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். புதிதாக வருகிற எல்லோருக்கும் அவன் வைக்கிற பரீட்சை அது.

"நீங்கதான் சார் இருக்குன்னு சொன்னீங்க..." விஜயராணி துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நான் சொன்னா இருந்துருமுங்களா? கண்ணு உங்களுதா, என்னுதா?" என்றான் சதீஷ்குமார். அவன் கோபிக்கவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப் பழகுங்க. அதுதான் முக்கியமுங்க."

சித்ராதேவி சிரிக்கவில்லை. அவளுடைய மிஷினில் துணி ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டை வந்ததா, கறை வந்ததா, அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தன் பிள்ளையிடம் எத்தனை என்று கேட்கும் முன்பே அவள் ஆறு என்று சொல்லியிருக்கிறாள். எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டியிருக்கிறாள். என்ன நிறம் என்று சொல்லியிருக்கிறாள். விடையைச் சொல்லாமல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அப்பா கேட்டார். எத்தனை இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே பார்த்துவிட நினைத்தாள். வானம் மூடிக்கொண்டது. கடலோரத்தில் புயல் என்றார்கள். அமாவாசை மழையிலேயே கழிந்தது. மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துப் பயம் வந்தது. இன்னொரு பக்கம் நிலா வளர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலா ஆறாமீனுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். அந்த வெளிச்சத்தில் நல்ல கண்ணுக்கே எதுவும் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு நாள் வானம் திறக்க வேண்டும். திறக்கக் கூடாது என்றும் இருந்தது.

இரவில் பிள்ளை தூங்கும்போது அவள் இமைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூடிய இமைக்குள் விழி அசையும். கனவில் எதையோ பார்க்கிறாள். கனவில் எல்லாம் தெரியும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் அடித்தது. சாயங்காலம் ஒரு மேகம்கூட இல்லை. மேற்கே பிறையும், அதன் கீழே வெள்ளியும் இறங்கிக்கொண்டிருந்தன. சித்ராதேவி ரங்காத்தாளிடம் போய் மாட்டுக் கொட்டகை விளக்கைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டாள்.

"அணைச்சுப்போட்டு?"

"மாடியில நட்சத்திரம் பாக்கப் போறோம்மா. வெளிச்சம் இடிக்குது."

"அதென்ன பணியாரமா, ஆறிப்போறதுக்குள்ள பாக்கோணும்னு?" என்றாள் ரங்காத்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்துபோய் அணைத்தாள்.

மாடியில் இருட்டு நிறைந்திருந்தது. சித்ராதேவி பிள்ளையோடு நடுவில் போய் நின்றாள். கண் பழகப் பழகச் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி எல்லாம் மெல்ல எழுந்து வந்தன. மேலே பார்த்தாள். மழை கழுவிவிட்ட வானம். ஆறாமீன் நன்றாக மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே ரோகிணி சிவந்திருந்தது. அதற்கு இடப்பக்கம் வியாழன், மற்றவற்றையெல்லாம் அடக்கிவிடுகிற வெளிச்சத்தோடு. ஏர்க்கால் இன்னும் வரவில்லை.

"என்னம்மா, சொல்லட்டா?" என்றாள் சுபிக்ஷா. உற்சாகமாக இருந்தாள். "கிழக்க ஆறாமீன். ஆறு இருக்கு. அதுக்குக் கீழ செவப்பா ரோகிணி. அதுக்குக் கீழ ஏர்க்கால், மூணு, வரிசையா."

சித்ராதேவி மறுபடி கிழக்கே பார்த்தாள்.

"ஏர்க்கால் வந்துட்டா?"

"வந்துருச்சே. மூணும் தெரியுது."

கிழக்கே அந்த இடத்தில் சோளத்தட்டையின் இருட்டு மட்டும் இருந்தது. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் கீழே இறங்கிவிடலாம். இறங்கினால் இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும்.

"ஆறாமீனுக்கு மேல பாரு" என்றாள். "புதுசா ஒண்ணு வந்திருக்கு. பச்சையா. பெருசா."

பிள்ளை தலையை நிமிர்த்தினாள். ஒரு நொடிதான்.

"ஆமாம்மா. பச்சையா இருக்கு."

"பெருசாவா?"

"ரொம்பப் பெருசு. பக்கத்துல சின்னதா ஒண்ணுகூட இருக்கு."

சித்ராதேவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே, செருப்பில்லாத காலைத் தூக்கி வைத்து மெல்ல நகர்ந்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். பிள்ளை பேசிக்கொண்டே இருந்தாள். பச்சை நட்சத்திரம் மின்னுகிறது என்றாள். நாளைக்கு டீச்சரிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள். அதற்கு ஒரு பேர் வைக்கலாமா என்று கேட்டாள். முகத்தைத் திருப்பி, அம்மா நின்றிருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள். அங்கே யாரும் இல்லை.

"அம்மா, என்ன பேரு வைக்கலாம்?"

சித்ராதேவி தொட்டியோடு ஒட்டி நின்றாள்.

"அம்மா?"

சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளை கையை நீட்டினாள். காற்றைத் தொட்டாள். இன்னும் கொஞ்சம் நீட்டினாள். காலை எடுத்து வைக்கவில்லை.

"அம்மா, எங்க இருக்க?"

"இங்கதான்" என்று சித்ராதேவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை அவள் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தாள். "ஏன் சொல்லாமப் போன?" என்றாள். அம்மாவின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பச்சை நட்சத்திரம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீ பொய் சொன்னியா?"

"ஆமா."

பிள்ளை யோசித்தாள். "நானுந்தான்" என்றாள்.

"ஏன்டா கண்ணு?"

"ஆறுன்னு சொன்னா நீ முத்தம் குடுப்ப. ஒரு தடவை, சின்னதுல, தெரியலைன்னு சொன்னேன். நீ அழுத. அப்பறம் நான் சொல்லல."

சித்ராதேவிக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. இருந்திருக்கும். பிள்ளைக்கு இருக்கிறதே.

கீழே எருமை செருமியது. ரங்காத்தாள் இருட்டில் அதை ஏதோ அதட்டினாள். சித்ராதேவி பிள்ளையின் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பினாள். விரலை நீட்டவில்லை.

"இப்பச் சொல்லு. நான் சொன்னதெல்லாம் வேண்டாம். உனக்குத் தெரியுறது மட்டும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. நான் அழ மாட்டேன்."

சுபிக்ஷா தலையை மெதுவாக அசைத்தாள். பாத்திரத்தின் அடியில் துழாவுவது போல வானத்தின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போனாள். தாண்டிப் போனாள். திரும்ப வந்தாள். நின்றாள்.

"அங்க ஒண்ணு" என்று விரலை நீட்டினாள். "வெளிச்சமா. அது நெஜமா இருக்காம்மா?"

விரல் நுனிக்கு நேராக வியாழன் நின்றது.

"இருக்கு" என்றாள் சித்ராதேவி.

"வேற?"

"நீதான் சொல்லணும்."

பிள்ளை மறுபடி தேடினாள். வெகுநேரம் தேடினாள். "வேற இல்ல" என்றாள்.

சித்ராதேவி அழவில்லை. அழாமல் இருப்பதற்காக அவள் ஆறாமீனை எண்ணினாள். ஆறும் இருந்தன. அந்தக் கணத்தில் தன் கண்கள் மீது அவளுக்கு அருவருப்பு வந்தது.

படியில் பிள்ளைதான் முதலில் இறங்கினாள். ஒரு கை சுவரில் உரசிக்கொண்டே போனது. உதடு அசைந்தது. படிகளை எண்ணுகிறாள். எத்தனை நாளாக எண்ணுகிறாள் என்று சித்ராதேவி யோசித்தாள். கடைசிப் படியில் கால் சரியாக நின்றது. கை நேராக சுவிட்சுக்குப் போனது.

மாரிச்செல்வம் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். திரும்பாமலே கேட்டான்.

"என்ன, ஆறும் பத்திரமா இருக்கா?"

சித்ராதேவி வாயைத் திறந்தாள். அதற்குள் சுபிக்ஷா சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுதாம்ப்பா தெரியுது. அம்மா அழல."

அவன் திரும்பினான். கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டியது. மகளைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவளுடைய அப்பா அவனுக்குத் தாய்மாமன். சின்ன வயதில் அவரைக் கைபிடித்துக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறான்.

"நாளைக்கு லீவு சொல்லணும் மச்சான்" என்றாள் சித்ராதேவி. "புள்ளையக் கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நம்ம ரெண்டு பேரும்."

தோசை கருகும் வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தான்.

படுக்கும்போது சுபிக்ஷா எப்போதும் போலச் சுவர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டாள். "லைட்டை அணைம்மா, கண்ணு கூசுது" என்றாள்.

சித்ராதேவி எழுந்துபோய் சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.